அரிசிப் பை வாங்குவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,



ஞாயிறு ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து என் மனசு அதிலேயே நிற்கிறது. உன்னைச் சபையின் சமூகப்பணிக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள் என்றதும் உன் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். இருபத்துநாலு வயசில் அவரும் இப்படித்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கோயில் வாசலில் பந்தல் போட்டு, நூறு குடும்பங்களுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒரு பாக்கெட் எண்ணெயும் கொடுக்கலாம் என்றாய். குருவானவர் ஜெபம் பண்ணித் தொடங்கிவைப்பார், பேனருக்கும் சொல்லியாச்சு, "எப்படி அத்தை?" என்று கேட்டாய். "நல்லது ராசா" என்று சொல்லி வைத்துவிட நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் உன்னிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாக வாசி.

முதலில் அரிசியைப் பற்றிச் சொல்கிறேன். என் அம்மா, அதாவது உன் பாட்டி, உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அடுப்படியில் தொங்கிய ஓலைப்பெட்டியில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி தவறாது. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்து அந்தப் பிடியரிசியைச் சேர்ப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு அது விதவைகள் வீட்டுக்கும் படுக்கையில் கிடந்தவர்கள் வீட்டுக்கும் புறவாசல் வழியாகப் போய்ச் சேரும். யார் வீட்டுக்கு எத்தனை படி போனது என்று அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவர்கள் செத்த பிறகும் அந்தக் கணக்கு வெளியே வரவில்லை. அன்றைக்கு அந்த அரிசி இல்லாவிட்டால் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

இன்றைக்கு நிலைமை அது இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் கடையில் அரிசி காசில்லாமல் கிடைக்கிறது. நீ பை கொடுக்கப்போகிற நூறு வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு மூலையில் அரிசி இருக்கும். அப்படியானால் அங்கே கஷ்டமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது அரிசிப் பானைக்குள் இல்லை. ஒரு வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்கு மாத்திரை பாதி மாதத்தோடு தீர்ந்துபோகும். இன்னொரு வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்க வழியில்லாமல் மகள் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருப்பாள். வாரம் இரண்டு தரம் டயாலிசிஸ் போகிறவருக்குச் சிகிச்சை காப்பீட்டில் நடந்துவிடும். ஆட்டோவுக்குக் கொடுக்கத்தான் காசு இருக்காது. நம் பக்கத்தில் எல்லாவற்றையும்விடக் கொடியது கந்துவட்டி. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் பச்சைப் பிள்ளைகளோடு தீக்குளித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அப்படி ஒரு வீடு நம் சபையின் எல்லைக்குள் இருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்விதான் அன்று முழுக்க என்னைத் தின்றது. நமக்கு அவர்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பெயர் தெரிந்திருந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு அரிசிப் பை கொடுத்திருப்போம்.

நூறு பேர் பட்டியல் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "கமிட்டி அங்கத்தினர் ஆளுக்குப் பத்துப் பெயர் தருவார்கள்" என்றாய். இப்படி வரும் பட்டியலில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்கள், கமிட்டிக்காரர் வீட்டில் வேலை செய்கிறவர்கள், வாய் திறந்து கேட்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இருக்க மாட்டார்கள். இருந்த ஒரே நல்ல செருப்பும் அறுந்ததால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் இருக்க மாட்டார்கள்.

நான் செய்த ஒரு தப்பை உனக்குச் சொல்ல வேண்டும். இதுவரை உன் மாமாவைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருந்த சமயம், ஸ்தோத்திரப் பண்டிகையன்று இருபது விதவைகளுக்குச் சேலை கொடுக்க ஏற்பாடு பண்ணினேன். மேடையில் ஒவ்வொருவர் பெயராக மைக்கில் வாசித்தது நான்தான். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு அம்மாவின் பெயர் வந்தது. அவளுடைய மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, என்னுடைய மாணவி. பெண்கள் பக்கத்து வரிசையில் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா மேடைக்கு வந்து, கையை நீட்டி, போட்டோவுக்காக ஒரு நிமிஷம் நின்றாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைத் தாழ்த்தித் தன் பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் கோயிலுக்கு வரவேயில்லை. இரண்டு தரம் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள், நன்றாகப் பேசினாள், வருகிறேன் என்றாள், வரவில்லை. சேலை இருநூற்றைம்பது ரூபாய் பெறும். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு விலையே கிடையாது.

ஆகவே பேனர் வேண்டாம் ராசா. பந்தலும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், வாங்குகிறவர் முகம் தெரியாமல் உங்கள் குழுவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் வரும் ரூத்தின் கதையைச் சின்ன வயசிலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருப்பாய். அதில் வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரரிடம் சொல்வதைக் கொஞ்சம் நின்று பார். அவன் அவளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை கொடுத்துவிடவில்லை. அரிக்கட்டுகளிலிருந்து கதிர்களைத் தெரிந்தே சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை யாரும் அதட்டக் கூடாது என்கிறான். அவள் மாமியாரிடம் கொண்டுபோனது தன் கையால் பொறுக்கிய வாற்கோதுமை. வயல் ஓரத்து விளைச்சலை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற பழைய சட்டத்தின் உள்ளர்த்தம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகும்படி கொடுப்பதற்கு அவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பாய். முதல் மூன்று மாதம் வீடுகளுக்குப் போவதைத் தவிர ஒன்றும் செய்யாதே.

உங்கள் தெருவுக்கு அடுத்த கத்தோலிக்கக் கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று இருக்கும், போய்க் கேட்டுப் பார். அவர்கள் இரண்டு இரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்குத் தொடர்ந்து போவதை ஒரு விரதம்போல வைத்திருப்பவர்கள். அதைத் தொடங்கியவர் பிரெடரிக் ஓசானாம் என்ற பாரீஸ் நகரத்து மாணவர். 1833-இல், அவருக்கு இருபது வயசில், கூடப் படித்தவர்கள் அவரைப் பார்த்து, உங்கள் திருச்சபை முன்னே செய்த பெருமையெல்லாம் சரி, இப்போது என்ன செய்கிறது என்று கேட்டார்களாம். பதில் சொல்ல வழியில்லாமல் நின்றவர், தன்னிடம் மீதியிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு நண்பரோடு ஒரு ஏழை வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். ரொசாலி ரெந்து என்ற கன்னியாஸ்திரீ அந்த இளைஞர்களுக்கு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும். உங்கள் சபையில் கோயில்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறாரே, அவரைப் பிடித்துக்கொள். யார் வீட்டில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை என்பது கமிட்டியில் இருக்கும் எவரையும்விட அவருக்குத் தெரியும்.

போகும்போது இரண்டு பேராகப் போ. ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பாய் விரித்தால் பாயில் உட்கார். நாற்காலி இரவல் வாங்கி வர ஓடுவார்கள், விடாதே. கடுங்காபி தந்தால் குடி. நீ வேண்டாம் என்றால் அவர்களுக்கு அது வேறு மாதிரிப் படும். வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டாதே. கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்காதே, நோட்டில் எழுதுவதை வெளியே வந்த பிறகு எழுது. முதல் தரம் போகும்போது யாரும் உண்மையான கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். "கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கோம்" என்பார்கள். மூன்றாம் தரம் நீ எழுந்து வாசலுக்கு வந்த பிறகு, நிலையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாசல்படிப் பேச்சுக்காகத்தான் நீ அத்தனை தரம் போகிறாய்.

ஜெபம் பண்ணலாமா என்று கேட்பாய். நம் சபை வீடு என்றால் கேட்டுவிட்டுச் சுருக்கமாகப் பண்ணு. இந்து வீட்டுக்கோ முஸ்லிம் வீட்டுக்கோ போனால் மாத்திரைக் கவருக்குள் கைப்பிரதியைச் செருகும் வேலை வேண்டவே வேண்டாம். எனக்கு என் விசுவாசத்தில் வெட்கம் இல்லை. கேட்பவருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்ல நான் தயங்கினதும் இல்லை. ஆனால் பசித்திருப்பவன் கையில் சோற்றோடு சேர்த்து வைக்கப்படும் எதையும் அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவனை நிறுத்தி வைத்துவிட்டு நற்செய்தி என்று சொன்னால், அது அவனுக்கு எப்படி நற்செய்தியாகும்? நல்ல சமாரியன் காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். அடிபட்டவனிடம் அவன் என்ன சாதி, என்ன மார்க்கம் என்று கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. திரும்பி வருகிறேன் என்று அவன் சொன்னதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீ சென்னையிலிருந்து டிவியில் பார்த்தாய், நாங்கள் உள்ளே இருந்து பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடே தண்ணீரில் மிதக்கும்போது, இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து அம்மன் கோயிலில் வைத்துப் பொங்கி அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். யாரென்றே தெரியாத ஜனங்களுக்கு! சேவை என்பது நம் சபைக்கு மட்டும் ஆண்டவர் கொடுத்த சொத்து என்ற எண்ணம் எப்போதாவது எனக்குள் எட்டிப் பார்த்தால் புதுக்குடியை நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் வடிந்த பிறகு லாரி லாரியாக உதவி வந்தது. கொண்டுவந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், ராத்திரி பகலாக ஓடிவந்த நல்ல மனசுக்காரர்கள். ஆனால் என்ன வந்தது தெரியுமா? பழைய துணி மலைமாதிரி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் குவிந்து, ஈரத்தில் நாறி, கடைசியில் அதை அப்புறப்படுத்த நாங்கள் வண்டி வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் எங்களுக்கு வேண்டியிருந்தவை வேறு. பெண்களுக்கு உள்ளாடையும் நாப்கினும், ஈரமில்லாத பாய், கேஸ் அடுப்பு, பிளீச்சிங் பவுடர், கொசுவலை, ஊறிப்போன மார்க்ஷீட்டுக்கும் ஆதார் அட்டைக்கும் மறுபிரதி எடுக்க எழுதிக் கொடுக்க ஒரு ஆள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஒரே ஒரு கூட்டம். வேறொரு ஊர்ச் சபையிலிருந்து பதினைந்து வாலிபர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பொட்டலமும் இல்லை, ஆளுக்கொரு மண்வெட்டி. "எந்த வீட்டில் ஆம்பளை இல்லை?" என்று மட்டும் கேட்டார்கள். முழங்கால் அளவு சேறு நிறைந்த வீடுகளை ஒன்றொன்றாக வழித்துக் கழுவி, பீரோவை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தார்கள், பொங்கலுக்கு முன்னால் ஒருதரம் வந்தார்கள். அந்த வெள்ளத்தில் யார் என்ன கொடுத்தார்கள் என்று இப்போது எங்கள் தெருவில் கேட்டால் பலருக்கு மறந்துபோயிருக்கும். மண்வெட்டிப் பையன்களை யாரும் மறக்கவில்லை.

உதவியை எதுவரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய பாடம் உண்டு. 1876-இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. அடுத்த இரண்டு வருஷம் ஜனங்கள் வழியில் விழுந்து செத்தார்கள். நம் நாசரேத் ஊருக்கு அப்போதுதான் மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனரி வந்து சேர்ந்திருந்தார். கஞ்சி ஊற்றுவது முதல் வேலையாக இருந்தது. பஞ்சம் தீர்ந்ததும் கஞ்சித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவில்லை. அனாதையாக நின்ற பிள்ளைகளுக்கு இல்லம் வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியிலிருந்து 1878-இல் தொழிற்பள்ளி வந்தது. தச்சும் கொல்லும் தையலும் கற்று வெளியே வந்தவன் அடுத்த பஞ்சத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் இதே வழிதான். அதே பத்தாண்டுக்குள் சுவைன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்குத் தொடங்கினார். கோயில் வாசலில் உட்கார்ந்து பிச்சை எடுக்கும் குருட்டுப் பையனுக்குத் தினமும் ஒரு சல்லி போடுவதும் தர்மம்தான். அவன் கையில் எழுத்தைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீ பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை. இப்போது செய்ய வேண்டியது பலநேரம் ஒரு அலுவலகத்துக்குக் கூடப் போவதுதான். ஆதரவில்லாத முதியவருக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, 2023-இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதற்கு மனுப் போட இ-சேவை மையம், பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், கடைசியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் என்று ஒரு நடை இருக்கிறது. எழுபது வயசுக் கிழவி தனியாக அந்த நடையை நடக்க மாட்டாள். ஆதாரில் வயசு தப்பாக இருக்கும், இருப்பதாகச் சொல்லப்படும் மகன் சூரத்தில் எங்கேயோ இருப்பான். நீ அவளை வண்டியில் உட்காரவைத்து நாலு தரம் கூட்டிப் போனால், உன் நானூறு ரூபாய்ப் பைக்குப் பதில் அந்தக் கணக்குப்படியே வருஷத்துக்குப் பதினாலாயிரத்து நானூறு ரூபாய் அவள் கைக்கு வரும், உரிமையாக வரும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் உப்பு வாருவது நின்றுபோகும். அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு அறிவித்தது. நலவாரியத்தில் பதிந்திருந்தால்தான் கிடைக்கும், பதியாதவர்கள் உன் சபைக்குப் பின் தெருவிலேயே இருப்பார்கள். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவப் பிள்ளைகளை 1950-ஆம் வருஷ ஆணை பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. ஆனாலும் தமிழ்நாடு அரசின் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு. இது தெரியாமல் கல்லூரியை விட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் படிப்பு நின்ற வருஷம் எங்கள் சபை கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்தது.

இதைச் சொல்லும்போது சாதியைத் தொடாமல் போக முடியாது. உன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் எந்தத் தெரு என்று பார். சாக்கடை அள்ளுகிறவர்கள் இருக்கும் தெருவிலிருந்து எத்தனை பெயர்? அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம், அது நல்ல வழக்கம், நான் மதிக்கிறேன். பந்தி முடிந்து கை கழுவிய பிறகு மற்ற 364 நாளும் யார் வீட்டுக்கு யார் போகிறோம்?

எருசலேமிலிருந்த ஆதிச் சபையிலேயே இந்தச் சங்கடம் வந்துவிட்டது. அன்றாட விசாரிப்பில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறீர்கள் என்று கிரேக்கு பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அதை மறைக்கவில்லை, முறுமுறுக்கிறவர்களின் வாயை அடைக்கவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பார், அத்தனையும் கிரேக்குப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது, இன்னும் நம் சபைகளுக்குத் துணிச்சல் வரவில்லை. உன் குழுவில் ஏழு பேர் என்றால், நீ உதவப்போகிற தெருக்களிலிருந்து மூன்று பேரையாவது உள்ளே கொண்டுவா. பேச்சுக்கு அல்ல, செக்கில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் கொண்டுவா. எதிர்ப்பு வரும். உன் அப்பாவே உன்னைக் கண்டிக்கலாம். அப்போது எனக்குப் போன் பண்ணச் சொல்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். வந்த காசுக்கு ரசீது, போன காசுக்கு வவுச்சர், எப்போதும் இரண்டு பேர் கையெழுத்து. மாதம் ஒருதரம் தொகையைச் சபைக்கு வாசி, பெயர்களை வாசிக்காதே. பெயர் இருக்கும் நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். நாற்பதாயிரத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடாமல் பாதியைச் சுழல்நிதியாக வை. எங்கள் ஊரில் பன்னிரண்டு பெண்கள் வாரம் ஐம்பது ரூபாய் போட்டு ஆரம்பித்தோம். வட்டி கிடையாது, திடீர்ச் செலவுக்கு எடுக்கலாம், முடிந்தபோது திருப்பித் தரலாம். பிரசவத்துக்கு, ஹாஸ்டல் கட்டணத்துக்கு, செத்த வீட்டுச் செலவுக்கு அதிலிருந்துதான் போனது. எடுத்தவர்களில் இரண்டு பேர் திருப்பித் தரவில்லை. ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். மற்றவர்கள் எல்லாரும் கட்டிவிட்டார்கள். கந்துவட்டிக்காரன் பைக் எங்கள் தெருவில் நிற்பது குறைந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன்.

நீ ஏமாறுவாய், அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு என்று வாங்கிய காசு டாஸ்மாக்குக்குப் போகும். நாலு மாதம் நீ நடையாய் நடந்த வீட்டில், நீ காசு அடித்துவிட்டாய் என்று ஒரு பேச்சு கிளம்பும். அப்படி ஒருநாள் நான் அழுதுகொண்டே வந்தபோது, என் அம்மா ஓலைப்பெட்டியைக் காட்டி, "இதுல போட்ட அரிசியை எவ தின்னான்னு நான் கேட்டிருக்கேனாட்டி?" என்றாள். அவள் கேட்டதில்லைதான். ஆனால் அந்தப் பெண்கள் கணக்கு வைத்திருந்தார்கள், விசாரித்துத்தான் கொண்டுபோனார்கள். குடிக்கிறவன் வீடு என்றால் அவன் கையில் கொடுக்காமல் மருந்துக் கடையில் நேரே கட்டிவிடு, அல்லது அவன் பெண்டாட்டி கையில் கொடு. ஆனால் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தாதே.

வேலைக்கும் போய்க்கொண்டு எத்தனை வீட்டுக்கு நான் போவது என்று மலைப்பாக இருக்கும். நூறு வேண்டாம். உன் குழுவில் ஏழு பேர், ஆளுக்கு இரண்டு வீடு, பதினாலு வீடு போதும். ஒரு வருஷம் அந்தப் பதினாலு வீட்டையும் விடாமல் பிடி. மீதி எண்பத்தாறு வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை உனக்கு வரும், வரவும் வேண்டும். அந்தக் கவலையைக் கமிட்டிக்கு அப்படியே கொண்டுபோய் வை. ஏழு பேர் பதினாலு பேர் ஆவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாதா என்று உன் மனசு சங்கடப்படுவது இங்கிருந்தே தெரிகிறது. கொடு. அந்தப் பதினாலு வீட்டுக்கும் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு, நம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி டிபன் கேரியரில் போ. பாத்திரத்தைத் திரும்ப வாங்க மறுபடி போக வேண்டியிருக்கும். வெறும் பாத்திரமாக யாரும் திருப்பித் தர மாட்டார்கள், ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்துத் தருவார்கள், வாங்கிக்கொள்.

வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்பதுக்குள் அங்கே இருப்பேன். முதல் வீட்டுக்கு உன்னோடு நானும் வருகிறேன். உப்பளத்துத் தெருவில் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள், உன் தாத்தாவோடு கூடப் படித்தவள், எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறாள். அவளுக்கு வலது காது கேட்காது, நீ இடது பக்கமாக உட்கார். உன் பெயரைச் சொல்லாமல் தாத்தா பெயரைச் சொல்லு, அவளே ஆரம்பித்துவிடுவாள். பேனர்காரரிடம் வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடு, முன்பணம் போனால் நான் தருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புள்ள,
அத்தை